பழைய காரின் ரெக்ஸின் இருக்கைகளைத் தோலுக்கு மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலாகத் தோலில் வெட்டிய இருக்கை உறைக்கு இரண்டு இடப்பக்கங்கள் இருந்தன, வலப்பக்கம் இல்லை. வெட்டும் வடிவத்துக்கான மாதிரி அட்டையைத் தோலின் முகத்தில் வைத்து ஒன்றையும், அதே அட்டையைத் திருப்பிப் போட மறந்து மற்றொன்றையும் வெட்டியிருந்தேன். ரெக்ஸினாக இருந்தால் சிரித்துவிட்டு உருளையிலிருந்து இன்னும் அரை மீட்டர் இழுத்திருப்பேன். தோலில் அது நடக்காது. அந்த நிறத்தில், அந்த மழமழப்பில், அதே இறுக்கமுள்ள இடம் அந்தத் தோலில் இன்னொன்று இல்லை.

ரெக்ஸின் உறையைப் பிரித்து, அதைப் பார்த்து அப்படியே தோலில் வெட்டித் தைத்துவிடலாம் என்று நினைத்து இறங்குபவர்கள்தான் அதிகம். அந்த நினைப்பு மூன்று இடங்களில் பொய்த்துப் போகும். பழைய ரெக்ஸின் சுருங்கியிருக்கும். அதிலுள்ள பல ‘தையல்கள்’ தையலே அல்ல, சூட்டில் ஒட்டியவை. ரெக்ஸின் உருளையில் எங்கு வெட்டினாலும் ஒன்றுதான். தோல் சாண் தூரத்துக்கு ஒரு குணம் காட்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைச் சமாளிக்கும் வழிதான்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

ரெக்ஸின் என்பது ஒரு காலத்தில் பிரிட்டனில் விற்ற ஒரு பொருளின் வணிகப் பெயர். துணியின்மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசியது. இன்று நாம் அந்தப் பெயரில் சொல்வது பெரும்பாலும் துணி முதுகு கொண்ட பி.வி.சி., அதாவது வினைல். வினைலை மெத்தென்று வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் இளக்கி எண்ணெய்கள். வெயிலிலும் சூட்டிலும் அவை ஆண்டுக்கணக்கில் ஆவியாகிப் போகின்றன. வெயிலில் நின்ற காரின் முன்கண்ணாடியில் உட்பக்கமாகப் படியும் எண்ணெய்ப் பிசுக்கில் பெரும்பங்கு இதுதான். எண்ணெய் போனபின் வினைல் விறைத்து, தையல் ஓரத்தில் வெடிக்கிறது.

ஆனாலும் நல்ல வினைல் சாமானியப்பட்டதல்ல. மெர்சிடிஸ் பென்ஸின் ‘எம்.பி. டெக்ஸ்’ வினைல் அதே காலத்துத் தோல் இருக்கைகளைவிட நன்றாக நிற்பதைப் பல பழைய கார்களில் காணலாம். மேல்கூரை திறக்கும் கார், மழையில் நனையும் வாய்ப்புள்ள கார் என்றால் தோல் உங்களிடம் வேலை வாங்கும். உங்கள் மாடல் ஆலையிலிருந்து வினைலில் மட்டுமே வந்தது என்றால், அசல்தன்மைக்கு மதிப்பெண் தரும் போட்டிகளில் தோல் இருக்கை மதிப்பெண்ணைக் குறைக்கும். எப்படியானாலும் பிரித்த பழைய உறைகளைத் தூக்கி எறியாதீர்கள். அவைதான் அசலுக்குச் சாட்சி.

முழுவதும் தோலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஜாகுவார் ஈ-டைப் போன்ற பெயர்பெற்ற கார்களிலேயே உடம்பு படும் முகப்பகுதி மட்டும் தோல். பக்கங்களும் முதுகும் வினைல். தோலுக்குச் சேரும் நிறத்தில் வினைல் கிடைத்தால் இந்த வழியை நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். தோல் பாதியாகக் குறையும், பலன் அநேகமாக முழுவதும் கிடைக்கும்.

எந்தத் தோல்

கடைக்காரரிடம் ‘அசல் தோல்’ என்று மட்டும் கேட்டால் எதை வேண்டுமானாலும் தரலாம். கேட்க வேண்டியவை வேறு.

பதனிட்ட முறை முக்கியம். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் பைக்கும் பெல்ட்டுக்கும் அழகு. மூடிய காருக்குள் வெயிலின் சூடு ஏறும்போது அது சுருங்கி விறைக்க எளிதில் இடம் கொடுக்கும். குரோம் உப்பில் பதனிட்டது சூட்டை நன்றாகத் தாங்கும், மென்மையும் அதிகம். கார் இருக்கைகளுக்கு நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது இதுதான்.

அடுத்தது தடிமன். 1.0 முதல் 1.3 மி.மீ. வரை இருந்தால் போதும். ‘தடிமன் கூடினால் உறுதி கூடும்’ என்று 2 மி.மீ. தோலை வாங்கிவிட்டால், நான்கு அடுக்கு சேரும் மூலையில் ஊசி முறியும்போதுதான் உண்மை தெரியும்.

பிறகு, தோலின் எந்த அடுக்கு என்பது. மேல்முகமும் அதன் இயற்கையான ‘மணி’யும், அதாவது நுண்ணிய புள்ளியமைப்பும், அப்படியே இருப்பது முழு மணித்தோல். மேல்முகத்தைத் தேய்த்துச் சமன்செய்து அச்சு வைத்தது இன்னொரு வகை. கொஞ்சம் பிளாஸ்டிக் வாடை அடித்தாலும் காருக்கு ஆகும். அடியில் பிளந்தெடுத்த நார் அடுக்கின்மேல் பாலியூரித்தேன் பூசியதும், தோல் தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கியதும் ‘தோல்’ என்ற பெயரில்தான் விற்கின்றன. அவற்றுக்கு நல்ல வினைலே மேல். வெட்டுமுகத்தைப் பாருங்கள்: நல்ல தோலில் முகத்தின் இறுகிய இழைகள் கீழே போகப்போகத் தளர்ந்து நாராகும். முகம் ஒரு படலமாகத் தனித்து உரிந்து வந்தால் அது பூச்சு.

காருக்கென்று தயாரித்த, நிறமிப் பூச்சுள்ள தோலைக் கேளுங்கள். அது வெயிலில் நிறம் மங்காமல் நிற்கும். தீப்பற்றும் வேகத்துக்கான சோதனையும் அதற்கு நடந்திருக்கும். அமெரிக்காவில் 1972 செப்டம்பரில் அமலுக்கு வந்த எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302 என்ற வாகனப் பாதுகாப்பு விதிப்படி, காரின் உட்புறப் பொருள்களில் தீ நிமிடத்துக்கு 102 மி.மீ.க்கு மேல் பரவக் கூடாது. சோபாவுக்கென்று வந்த தோலுக்கு இந்தச் சோதனை நடந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எவ்வளவு தோல்

தோல் சதுர அடிக் கணக்கில் விற்கிறது. மாட்டின் முழுத்தோல் ஒன்று 50 சதுர அடி அளவுக்கு வரும். ஐந்து அடி முன்பின் இருக்கலாம். காலும் கழுத்தும் துருத்திக்கொண்டிருக்கும் அந்த வடிவத்தில் வடு, மடிப்பு, தளர்ந்த வயிற்றுப்பகுதி எல்லாம் கழிந்தால் மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வந்தாலே நல்ல வெட்டு.

ரெக்ஸின் கணக்கு கையில் இருந்தால் மாற்றுவது எளிது. 54 அங்குல அகல ரெக்ஸினில் ஒரு மீட்டர் என்பது ஏறக்குறைய 15 சதுர அடி. கழிவையும் சேர்த்து அதற்கு 20 சதுர அடி தோல் வையுங்கள். 9 மீட்டர் ரெக்ஸின் பிடித்த காருக்கு 180 சதுர அடி, அதாவது நான்கு தோல்கள். எல்லாவற்றையும் ஒரே சாயத் தொட்டியிலிருந்து வந்ததாக ஒரே நேரத்தில் வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே எண்ணைச் சொல்லி வாங்கும் தோல் அதே நிறத்தில் வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

கழற்றுவதும் பிரிப்பதும்

இருக்கையைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருவேறி இருக்கும். முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். இருக்கைக்குள் காற்றுப்பை வைத்த பிற்காலக் கார் என்றால் இந்த வழிகாட்டி அதற்குரியதல்ல. அந்த உறையின் தையல் காற்றுப்பை விரியும்போது கிழிய வேண்டிய கணக்கில் போடப்பட்டது.

உறையைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் ஹாக் ரிங் எனப்படும் கம்பி வளையங்கள். வெட்டுக்குறடால் அவற்றை நறுக்கி எடுங்கள், உறையைப் பிடித்து இழுக்காதீர்கள். பஞ்சு உறையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். ஒவ்வொரு வளையமும் எங்கே இருந்தது, எந்தக் கம்பியில் மாட்டியிருந்தது என்று படமெடுத்துக்கொள்ளுங்கள். நூறு படம் மிகை என்று அன்று தோன்றும். மூன்று வாரம் கழித்து, அந்த நூற்றில் நமக்கு வேண்டிய ஒரு கோணம் மட்டும் இல்லாமல் இருக்கும்.

உறைக்குள் துணிக்குழாய்களில் செருகிய கம்பிகள் இருக்கும். உறையைப் பள்ளத்துக்குள் இழுத்துப் பிடித்து, இருக்கைக்கு அதன் வடிவத்தைத் தருபவை அவைதான். எந்தக் கம்பி எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று சீட்டு கட்டி வையுங்கள்.

தையலைப் பிரிப்பதற்கு முன் ஒரு வேலை. எல்லாத் துண்டுகளிலும் எண்ணும், முன்பக்கம் எது என்ற அம்புக்குறியும், தையலுக்குக் குறுக்காக 5 செ.மீ.க்கு ஒரு கோடும் போடுங்கள். கோடு தையலின் இருபுறமும் விழ வேண்டும். பிரித்தபின் எது எதோடு எங்கே சேர்ந்தது என்று சொல்லப்போவது இந்தக் கோடுகள்தான். இவற்றைப் போடாமல் பிரித்துவிட்டுப் பிறகு துண்டுகளை நிலாச்சோற்றுக் கூட்டம் போலச் சுற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான்.

அடியில் இருப்பது

புதுத்தோலைப் பழைய பஞ்சின்மேல் போர்த்துவது, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் வண்ணம் அடிப்பது போல. சட்டத்தின் துருவைச் சுரண்டி, வண்ணம் அடியுங்கள். உடைந்த ஸ்பிரிங்கை மாற்றுங்கள். ஸ்பிரிங்குக்கும் பஞ்சுக்கும் நடுவே சணல் சாக்குத்துணி இருந்திருக்கும். அது மக்கியிருந்தால் புதிது போட வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங் பஞ்சைத் தின்றுவிடும். பழைய ரப்பர் நுரைப் பஞ்சை விரலால் அழுத்திப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் பேசிப் பயனில்லை, மாற்றியே ஆக வேண்டும். குதிரை முடி அல்லது ரப்பர் பூசிய தென்னை நார் மெத்தை வைத்த இருக்கை என்றால், உருக்குலையாமல் இருக்கும்வரை அதையே வைத்துக்கொள்ளலாம். அந்தக் காரில் உட்காரும் உணர்வில் பாதி அதில் இருக்கிறது.

புதிய பஞ்சு வைக்கும்போது உட்காரும் இடத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 40 முதல் 50 கிலோ அடர்த்தியுள்ளதாகப் பாருங்கள். பஞ்சு உறையைவிட ஒரு நூல் பெரிதாக இருப்பது நல்லது. தோல் பழகப்பழகத் தளரும். பின்னாலிருந்து பஞ்சு தள்ளிக்கொண்டே இருந்தால்தான் சுருக்கம் விழாது.

அட்டை வெட்டுதல்: எல்லாம் இங்கேதான்

பிரித்த ரெக்ஸின் துண்டைத் தட்டையாக வைத்து, அதைச் சுற்றிக் கோடிழுத்தால் கிடைப்பது சுருங்கிப்போன இருக்கையின் அளவு. அதனால் முதலில் இடப்பக்கத் துண்டையும் வலப்பக்கத் துண்டையும் முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்கத் துண்டு எப்போதும் நைந்து நீண்டிருக்கும். பின்னிருக்கையின் மேல்துண்டு வெயிலில் சுருங்கியிருக்கும். குறைவாக உழைத்த பக்கத்தை நம்புங்கள். பிறகு அந்த அளவைப் புதிய பஞ்சின்மேல் வைத்துச் சரிபாருங்கள். உறையும் பஞ்சும் வெவ்வேறு கதை சொன்னால் பஞ்சு சொல்வதைக் கேளுங்கள்.

தையல் விளிம்பு அடுத்த பொறி. தைத்த ரெக்ஸினில் விளிம்பு இருக்கும், ஆனால் ஆலையில் அவசரமாக வெட்டியதால் ஓரிடத்தில் 8, ஓரிடத்தில் 14 மி.மீ. என்று ஏறி இறங்கும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஊசித் துளைகளின் வரிசையை மட்டும் அட்டையில் வரைந்து, அதிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக 12 மி.மீ. வெளியே கோடிழுங்கள். தைக்கும்போது மிஷினின் வழிகாட்டியை 12-இல் பூட்டிவிட்டால், பிறகு கண்ணுக்கு வேலை குறையும்.

இப்போது பட்டைகளுக்கு வருவோம். அறுபதுகள், எழுபதுகளின் பல வினைல் இருக்கைகளில் நீளவாக்கில் ஓடும் பட்டைகளும், சில நேரம் அவற்றின் ஓரத்தில் தையல் போன்ற புள்ளிகளும் இருக்கும். கிட்டத்தில் வைத்துப் பாருங்கள்: நூல் இருக்காது. வினைலையும் பஞ்சையும் அடித்துணியையும் உயர் அதிர்வெண் மின்சாரத்தில் சூடாக்கி அச்சால் அழுத்தி ஒட்டியது அது. பிளாஸ்டிக் உருகும், அதனால் ஒட்டும். தோல் உருகாது. ஆகவே தோலில் ஒவ்வொரு பட்டையையும் தைத்துத்தான் ஆக வேண்டும். தைக்கும் பட்டை, ஒட்டிய பட்டையைவிட அதிகத் தோலை விழுங்கும்.

தைப்பதற்கு இரண்டு வழிகள். தோலையும், துணி முதுகு கொண்ட 6 மி.மீ. மென்பஞ்சையும் சேர்த்து மேலிருந்தே நேர்கோட்டில் தைப்பது எளிய வழி. நூல் வெளியே தெரியும். கோட்டில் தோலை மடித்து, மடிப்புக்குள் 3 மி.மீ. தள்ளித் தைத்துத் திருப்பினால் நூல் தெரியாது. பழைய தோல் இருக்கைகளின் தோற்றம் வரும். இதில் ஒவ்வொரு மடிப்பும் 6 மி.மீ. தோலை எடுத்துக்கொள்ளும். பஞ்சு மேலே உப்புவதால் இன்னும் கொஞ்சம் போகும். எவ்வளவு என்று சூத்திரம் போட்டுச் சொல்ல முடியாது, அது பஞ்சையும் தோலையும் பொறுத்தது. கழிவுத் தோலில் மூன்று பட்டை தைத்துப் பாருங்கள். 50 மி.மீ. இடைவெளியில் கோடு போட்டது தைத்தபின் 43 மி.மீ. ஆகிறது என்றால், முடிவில் 430 மி.மீ. அகலம் வேண்டிய பத்துப் பட்டைக்கு 500 மி.மீ. வேண்டும். பட்டைகளை முதலில் பெரிய தோலில் தைத்துவிட்டு, அதன்மேல் அட்டையை நடுக்கோட்டில் வைத்துப் பிறகு வெட்டுங்கள். வெட்டியபின் பட்டை தைத்தால் ஒருபக்கம் கோணிக்கொள்ளும்.

எல்லா அட்டையும் ஆனதும் நேராகத் தோலுக்குப் போகாதீர்கள். அதிகம் இழுபடாத மலிவான துணியில் ஓர் இருக்கைக்கு ஒத்திகை உறை தைத்து மாட்டிப் பாருங்கள். ஒரு நாள் வேலை வீணாகிறதே என்று தோன்றும். என் அனுபவத்தில் ஒத்திகை உறையில் திருத்தம் வராத இருக்கை ஒன்றுகூட இல்லை.

தோலைப் படித்தல்

முழுத்தோலை முகம் மேலாகத் தரையில் விரித்து, சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி வையுங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத வடுவெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். முள்வேலிக் கீறல், உண்ணி கடித்த புள்ளி, சூட்டுக்குறி, நரம்போட்டம் எல்லாவற்றையும் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

பிறகு கையால் இழுத்துப் பாருங்கள். முதுகுத்தண்டின் இருபுறமும், வால்பக்கமும் இறுக்கமாக, ஒரே சீராக இருக்கும். வயிற்றுப்பக்கம் போகப்போகத் தளரும். கழுத்தில் வரிவரியாகச் சுருக்கம் ஓடும். உட்காரும் பகுதி, சாயும் பகுதி, ஏறி இறங்கும்போது உடம்பு உரசும் கதவுப்பக்க விளிம்பு ஆகியவை தண்டை ஒட்டிய இடத்திலிருந்துதான் வர வேண்டும். பக்கத் துண்டுகளும் இருக்கையின் முதுகும் அடுத்த வரிசை. வயிற்றை, கண்ணுக்கும் உடம்புக்கும் எட்டாத இடங்களுக்கு ஒதுக்குங்கள். ஒரு முறை சிக்கனம் பார்த்து ஓட்டுநர் இருக்கையின் ஒரு துண்டை வயிற்றோரத்தில் வெட்டினேன். மாட்டிய அன்று யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான்கு மாதத்தில் அந்த ஒரு துண்டு மட்டும் நனைந்த அப்பளம் போலத் தொய்ந்து நின்றது.

இரு முன்னிருக்கைகளும் சோடியாக இருக்க வேண்டுமென்றால், இடது இருக்கையின் துண்டைத் தண்டின் ஒரு பக்கத்திலும், வலது இருக்கையின் துண்டை மறுபக்கத்தில் கண்ணாடிப் பிம்பம் போல அதே இடத்திலும் வையுங்கள். தளர்வும் மணியும் ஒத்துப்போகும். ஒவ்வொரு அட்டையின் இரு பக்கத்திலும் ‘இடது’, ‘வலது’ என்று பெரிதாக எழுதுங்கள். காரணம் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

எல்லா அட்டைகளையும் பரப்பி, எல்லாம் அடங்குகிறது என்று பார்த்து, படமெடுத்த பிறகே கத்தியை எடுங்கள். பெரிய துண்டுகளை முதலில் வெட்டுங்கள். சோடிகளின் அடையாளக் கோடுகளை விளிம்பில் 3 மி.மீ. வெட்டாகப் போடுங்கள், 12 மி.மீ. உள்ளே இருக்கும் தையல் கோட்டைத் தொட்டுவிடாமல்.

தையல்

வீட்டு மிஷின் இதற்கு ஆகாது. மேல்பாதம், ஊசி, கீழ்ப்பல் மூன்றும் சேர்ந்து நடக்கும் ‘வாக்கிங் ஃபுட்’ மிஷின் வேண்டும். இல்லையென்றால் மேல்தோல் ஓரிடத்திலும் கீழ்த்தோல் ஓரிடத்திலுமாக முடியும். வாடகைக்கு எடுங்கள், அல்லது வெட்டிய துண்டுகளை அப்படியொரு மிஷின் வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்த் தையுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்டுவது வரை ஒழுங்காகச் செய்திருந்தால் தைப்பவர் உங்களை வாழ்த்துவார்.

நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் உறுதியானது, ஆனால் வெயிலுக்குப் பாலியெஸ்டர்தான் தாக்குப்பிடிக்கும். பருத்தி நூலை அறவே தவிருங்கள். நூலின் கனத்தை ‘டெக்ஸ்’ என்ற அளவில் சொல்வார்கள்: இணைப்புத் தையலுக்கு டெக்ஸ் 70 அல்லது 90, வெளியே தெரியும் அலங்காரத் தையலுக்கு டெக்ஸ் 135. ஊசி தோலுக்கென்று கூர் தீட்டியதாக, 110 முதல் 125 வரையுள்ள எண்ணில். தையல் நீளம் 4 முதல் 5 மி.மீ. நெருக்கித் தைத்தால் உறுதி என்பது துணியின் நியாயம். தோலில் நெருங்கிய துளைகள் தபால்தலையின் ஓரம் போல ஆகிவிடும். அந்தக் கோட்டிலேயே கிழியும்.

குண்டூசி கூடாது, அது போட்ட துளை போகாது. கிளிப்பும் மெல்லிய இருபக்க ஒட்டுநாடாவும் போதும். தொடக்கத்திலும் முடிவிலும் பின்னோக்கி மூன்று தையலுக்கு மேல் போடாதீர்கள்.

நான்கைந்து அடுக்கு சேரும் இடங்களில் தோலின் அடிப்பக்கத்தைக் கூரிய கத்தியால் சீவி, விளிம்பைப் பாதித் தடிமனாக்குங்கள். இதைக் கழிவுத் தோலில் ஒரு மணி நேரமாவது பழக வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் சீவாது, பிய்க்கும்.

பைப்பிங், அதாவது தையல் ஓரத்தில் கயிறு பொதிந்த தோல் வார், வைப்பதாக இருந்தால் 4 மி.மீ. கயிற்றுக்கு 35 மி.மீ. அகலத் தோல் வார் வெட்டுங்கள். வார்களைச் சேர்க்கும் இடத்தைச் சாய்வாக வெட்டி, இரு முனையையும் சீவி ஒட்டுங்கள்; நேராக ஒட்டினால் பாம்பு எலியை விழுங்கியது போல அங்கே மட்டும் புடைக்கும். பைப்பிங்கை முதலில் ஒரு துண்டோடு தைத்துவிட்டுப் பிறகு மறு துண்டைச் சேருங்கள். இரண்டாம் தையல் முதல் தையலைவிட ஒரு நூல் கயிற்றை நெருங்கிப் போக வேண்டும். அப்போதுதான் முதல் தையல் வெளியே எட்டிப் பார்க்காது.

வளைவுகளில் விளிம்பை ஆங்கில ‘வி’ வடிவில் நறுக்குங்கள், தையலிலிருந்து 4 மி.மீ. தள்ளியே நிறுத்தி. கம்பி செருகும் குழாய்களைத் தோலில் செய்ய வேண்டாம், கனத்த பருத்தித் துணியில் செய்யுங்கள். தோல்குழாய் இழுபட்டு நீளும்.

மாட்டுதல்

ரெக்ஸின் மாட்டியவர்களுக்கு, சூடான காற்றை ஊதும் சூட்டுத் துப்பாக்கி கையின் நீட்சி மாதிரி. சுருக்கம் விழுந்த இடத்தில் காட்டினால் வினைல் இளகி இழுபடும், ஆறியதும் இறுகும். அதே துப்பாக்கியைத் தோலில் காட்டினால் அந்த இடம் சுருண்டு அட்டையாகிவிடும், திரும்ப வராது. தோலுக்குச் சூடு வேண்டுமென்றால் உறையை அரைமணி நேரம் வெயிலில் போட்டு வெதுவெதுப்பாக்குங்கள். பிடிவாதமான சுருக்கத்துக்கு அடிப்பக்கத்தில் ஈரத்துணி ஒற்றி, கையால் நீவி இழுங்கள்.

பஞ்சின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் போர்த்தினால் உறை வழுக்கிக்கொண்டு ஏறும். ஏறியதும் பையைக் கிழித்து உருவிவிடுங்கள். உள்ளே விட்டால் சரசரவென்று சத்தம் போடும். தையல் விளிம்புகள் எல்லாம் உள்ளே ஒரே திசையில் படுத்திருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். திரும்பிய விளிம்பு தோலின்மேல் ஒரு வரப்பாகத் தெரியும்.

வளையங்களை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறிப் போடுங்கள். முதலில் பள்ளத்துக் கம்பிகள், பிறகு முன்விளிம்பு, பின்விளிம்பு, கடைசியாகப் பக்கங்கள். முதல் சுற்றில் பாதி வளையங்கள் மட்டும். ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பார்த்தால் தோல் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும். அப்போது இழுத்து மீதியைப் போடுங்கள். மூலையில் தொய்வு இருந்தால் இன்னும் இழுப்பதற்குப் பதில், அடியிலிருந்து ஒரு கைப்பிடி பாலியெஸ்டர் பஞ்சைத் திணித்துப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அது போதும்.

தலைசாய்ப்பானுக்கும் நெம்புகோலுக்கும் துளை போடுவது எல்லாம் மாட்டி முடித்தபின். சிறியதாக வெட்டி, போதவில்லை என்றால் பெரிதாக்குங்கள்.

கதவுகளும் மற்றவையும்

கதவின் உட்பலகை பெரும்பாலும் அட்டைப்பலகை. கீழோரம் தண்ணீர் குடித்து ஊதியிருக்கும். அதை அச்சாக வைத்துப் புதுப்பலகை வெட்டி, இரு பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். கதவுக்கும் பலகைக்கும் இடையே பிளாஸ்டிக் தாள் கட்டாயம். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் தோலின் அடிப்பக்கத்தைத் தொடாமல் காப்பது அதுதான். ஒட்டுவதற்குச் சூடு தாங்கும் பசை, திறந்த சன்னல். ஆலை அச்சில் வந்த வரிகளை இங்கும் தையலால்தான் கொண்டுவர வேண்டும்.

டாஷ்போர்டைத் தோலில் மூட வேண்டாம் என்பது என் கருத்து. முன்கண்ணாடிக்கு அடியில் வெயிலை நேராக வாங்கும் இடம் அது. தோல் ஓரங்களில் சுருங்கி, பசையை விட்டு எழும். அங்கே நல்ல வினைல் இருக்கட்டும்.

உட்கார ஆரம்பித்த பிறகு

முதல் மாதங்களில் மெல்லிய மடிப்புக்கோடுகள் விழும். அது தோலின் இயல்பு. பராமரிப்பு எளிது: மென்மையான தூரிகையால் தையல் இடுக்கின் தூசியை எடுத்து, ஈரத்துணியால் துடையுங்கள். அழுக்கு போகவில்லை என்றால் காரமில்லாத, தோலுக்கென்றே உள்ள சோப்பு. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும், பளபளக்க வைக்கும் சிலிக்கோன் தெளிப்பானும் பக்கத்தில் வர வேண்டாம். புது ஜீன்ஸின் நீலம் வெளிர்நிறத் தோலில் ஏறும். அன்றே துடைத்தால் போகும். வெயிலில் நிறுத்தும்போது கண்ணாடிக்கு மறைப்பு போட்டுவையுங்கள். எந்தக் களிம்பைவிடவும் அதுதான் தோலின் ஆயுளைக் கூட்டும்.

மிஞ்சிய தோலில், ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்கத் துண்டு வெட்டும் அளவுக்கு ஒன்றை எடுத்துவையுங்கள். முதலில் தேயப்போவது அந்த இடம்தான். மடித்து வைத்தால் மடிப்பு நிரந்தரமாகிவிடும். முகம் வெளியே தெரியும்படி ஒரு குழாயில் சுற்றி, பழைய பருத்தித் துணியில் பொதிந்து, அந்தத் துண்டின் அட்டையையும் அதோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அட்டையில் இடதா, வலதா என்று எழுதியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு.